‘மே’ என்று எழுதிய சீட்டு

வியாழக்கிழமை, காலை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். வழக்கமாகக் கடிதத்தின் தலையில் ‘ந.ந.ஆ.’ என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவேன், நீயும் “அப்பாவுக்கு என் நலத்தை விசாரிக்க மூணு எழுத்துக்கு மேல மனசு வராது” என்று அம்மாவிடம் கேலி செய்வாய். இன்று முழுதாக எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. அதற்குக் காரணம் உண்டு, ஆனால் எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியை நான் கட்டியது போல. குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை நீளமாகிவிட்டது என்று பிரித்துப் போட்டிருக்கிறாள். சமையலறைக் குழாய் இப்போது ஒழுகுவதில்லை. அந்தக் குழாயைப் பற்றிப் பிறகு எழுத வேண்டியிருக்கிறது.

வெயில் சார் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. நீ தொலைபேசியில் அழுதபோது நான் “ஆமாம்மா, ஆமாம்மா” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எப்படி இருந்தது, கடைசியில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் எழுதி அனுப்பு என்று கேட்டாய். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அம்மாகூட நேற்று “என்ன, பேப்பர் மேல இவ்வளவு கோபம்?” என்றாள். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், அதில் நான் பேச வேண்டுமாம். தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து “அவரோட வாழ்க்கையைப் பேசறதுக்கு உங்களை விட்டா யாரு சார்? நீங்கதானே அன்னைக்கு அவரைத் தேட ஆளனுப்பினதும்” என்று கேட்டார். நான் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வருகைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழையும் எழுதியவன், ஒலிபெருக்கி முன்னால் ஒரு நாளும் நின்றதில்லை. என்ன பேசுவது என்று முதலில் உனக்கு எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பேச வேண்டியது வேறொன்று.

அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அவர் பூகோளம் எடுக்க இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரமே, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைச் சுருட்டி என் அலுவலக அலமாரியின் மேல் வைத்துவிட்டு, பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் மணிக்கொரு கல் வைக்கச் சொன்னார். மாலையில் வளைகோடாகக் கல் வரிசை நின்றது, “சூரியன் போட்ட கையெழுத்து” என்று சொன்னாராம். அன்றிலிருந்து அவர் வெயில் சார். பட்டப் பெயர் தெரிந்தபோது கோபிக்கவில்லை, பதிவேட்டில் சுருக்கொப்பம் போடும் இடத்தில்கூட ‘வெ.’ என்று போட ஆரம்பித்தார், நான்தான் அது விதிப்படி செல்லாது என்று மன்றாடி மாற்ற வைத்தேன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “என்ன ரிஜிஸ்டர், உங்க ஜன்னலுக்கு வெளியில ஒரு உலகம் இருக்கே, அதுக்கு வருகை போட்டாச்சா?” என்பார். கம்பளிப்பூச்சியைக் கண்டால் பெஞ்சு மேல் ஏறி நின்று அலறுவாயே, உன் உள்ளங்கையை விரிக்க வைத்து அதை ஊர விட்டவர் அவர்தான். வீட்டுக்கு வந்து கையைக் கழுவ மாட்டேன் என்று அடம் பிடித்தாய். நான் அன்று அவர்மேல் புகார் எழுதலாமா என்று ஒரு தாளை எடுத்து, தேதி மட்டும் எழுதி, மடித்து வைத்துவிட்டேன். எனக்கு எதிலும் தேதியைத் தாண்டித் துணிச்சல் வந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுநாளே அவர் குன்றுக்குப் போக ஆரம்பித்தார், அது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழு நாள், மற்ற நாளில் காலை மட்டும். என்னையும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போனார். முதல் வளைவிலேயே எனக்குத் தலை சுற்றி, ஒரு பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வேறு யாராவது என்றால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்து, “நீங்க நடக்க வேண்டாம் ரிஜிஸ்டர். நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்ச ஒரு ஆள் கீழ இருந்தா எனக்கு அது போதும்” என்றார். அப்படித்தான் அந்தச் சீட்டு வழக்கம் வந்தது. புறப்படுவதற்கு முன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதி நம் வீட்டுக் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். திரும்பியதும் வாசலில் நின்று ஒரு விசில். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் தாண்டியும் விசில் வராவிட்டால் நான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அதற்கு அவசியம் வரவில்லை. பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தார், உனக்கும் மனப்பாடமாக இருக்கும், எழுதின வழியை மாத்தாதே, வழி தெரியலையா உட்கார், பளிச்சுன்னு ஒரு துணியைக் கட்டு, மூணு தடவை விசில் ஊது, தேடறவன் வருவான்.

ஆரம்பத்தில் அவர் எழுதியவை சீட்டே அல்ல, கட்டுரைகள். இன்றைக்குக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே குளத்துப் பக்கம் போனால் நாரைகளைப் பார்க்கலாம் என்று போய்க்கொண்டே இருக்கும், எந்தப் பாதை என்பது எட்டாவது வரியில் வரும். அவசரத்துக்கு உதவாது என்று நான்தான் ஒரு அட்டை தயாரித்தேன். சுருக்கக் குறியீடு. வ என்றால் வடக்குப் பாதை, தெ தெற்கு, கி கிழக்கு, மே மேற்கு. குன்றின் அடிவாரத்தைச் சுற்றிப் போகும் கீழ்ப் பாதைக்கு கீ. கிழக்கும் கீழும் குழம்பிவிடக்கூடாது என்று ‘குறில் நெடில் கவனிக்க’ என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதினேன். அவர் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, “அரசாங்கம் உங்களை இன்னும் நல்லாப் பயன்படுத்தியிருக்கலாம்” என்றார். எனக்கு அன்று முழுதும் பெருமை. மேல் பாதை அப்போது மண் சரிந்து மூடிக் கிடந்தது, அது திறக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அதனால் அதற்கு நான் எழுத்து ஒதுக்கவில்லை. கிழக்கையும் கீழையும் பற்றி அவ்வளவு யோசித்த நான், மேற்கையும் மேலையும் பற்றி யோசிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மேல் பாதையைச் சீர் செய்து திறந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை அவர் நம் கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “ரிஜிஸ்டர், மேல் பாதை திறந்தாச்சு. மேற்குல கல் உடைக்கிறாங்க, காது கிழியுது, அந்தப் பக்கமே இனிமே போறதா இல்லை. இனிமே ‘மே’ன்னா மேல்தான். அட்டையில மாத்திக்கோங்க” என்றார். நான் “சரி சார்” என்றேன். அந்த நேரம் சமையலறையில் குழாய்க்காரர் பழைய குழாயைக் கழற்றிவிட்டு வாளி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார், அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனேன். தரையெல்லாம் தண்ணீர். துடைத்து முடித்து, புதுக் குழாய்க்கு ரசீது வாங்கிக் கோப்பில் வைத்தேன். அட்டையை மறந்துவிட்டேன். சிட்டு, என் வாழ்நாளில் யாராவது ஒரு திருத்தம் சொல்லி நான் அன்றைக்கே எழுதாமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமை ‘மே’ என்று சீட்டு வந்தது, ஏழு முறையும் விசிலும் வந்தது, நானும் எதையும் யோசிக்காமல் வரிசை எண் போட்டு அடுக்கி வைத்தேன்.

எட்டாவது ஞாயிறு, ‘காலை 7. மே. மாலை 4. வெ.’ என்று சீட்டு. நாலு பத்துக்கு விசில் வரவில்லை. நான் செருப்பைக் கூட மாற்றிப் போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினேன். நேரத்தில் நான் ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம். அங்கிருந்த அதிகாரி எந்தப் பாதை என்று கேட்டார். சீட்டை எடுத்தேன், அட்டையை எடுத்தேன், பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மேற்கு என்றேன். அவர் “நிச்சயமா சார்? ரெண்டு பக்கமும் அனுப்ப எங்கிட்ட ஆளில்லை” என்றார். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். எதையும் இரண்டாம் முறை கேட்டால் ‘அப்படித்தான் நினைக்கிறேன்’ என்று சொல்கிறவன். அன்று அத்தனை பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் என் எழுத்தில் அட்டை இருந்தது. “நிச்சயம்” என்றேன்.

அவர்கள் மேற்குப் பாதையில் ஒன்றரை மணி நேரம் தேடினார்கள். மேலே பெரிய சாலையில் போன பேருந்து ஓட்டுநர் ஒருவர், மேல் பாதை வளைவில் ஒரு மரக்கிளையில் மஞ்சள் துணி ஆடுகிறது என்று நிலையத்துக்கு வந்து சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் போனார்கள். ஆறே முக்காலுக்கு அவரைக் கண்டுபிடித்தார்கள். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர்ப் பாட்டிலை மூடிப் பக்கத்தில் வைத்திருந்தார். விசில் மடியில் விழுந்து கிடந்தது. உயிர் இல்லை. இதயம் என்றார் மருத்துவர். எத்தனை மணிக்கு என்று நான் கேட்டேன், எல்லாரும் கேட்கிறது போல. “ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன இருக்கலாம், துல்லியமாச் சொல்ல முடியாது” என்றார். துணியைக் கட்டத் தெம்பு இருந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொன்னதை அப்படியே செய்துவிட்டு, கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று நம்பிக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள், சீட்டுகளை எல்லாம் சேர்த்துக் கட்டி வைக்கலாம் என்று அட்டையை மேலே வைத்தேன். சிவப்பு மையில் அந்த ‘குறில் நெடில் கவனிக்க’ கண்ணில் பட்டது. அப்படியே கேட்டின்மேல் அவர் கை தெரிந்தது, “மாத்திக்கோங்க” என்றது கேட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள், போட்டேன் என்று பொய் சொன்னேன்.

இதை எனக்குள் வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றும் நினைத்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்தக் கடைசிச் சீட்டை யாரும் தனியாகக் கேட்கவில்லை, அது என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. ஆனால் விஷயம் அப்படியே நிற்கவில்லை. அவர் எழுதிய வழியை விட்டு வேறு வழியில் போய்விட்டார் என்று எல்லாரும் பேசுகிறார்கள். உன் அத்தை, சாருடைய மனைவியைத்தான் சொல்கிறேன், துக்கம் விசாரிக்கப் போனவர்களிடமெல்லாம், “ஊர்ப் பிள்ளைங்களுக்கு நாப்பது வருஷம் படிச்சுப் படிச்சு சொன்ன மனுஷன், தனக்குன்னு வந்தப்போ காத்துல விட்டுட்டாரே. சொன்ன வழியில போயிருந்தா இந்நேரம் எங்கிட்ட வம்பு பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு” என்று சொல்லி, அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். என்னிடமே சொன்னாள், “அண்ணா, நீங்க ஓடின ஓட்டத்துக்காவது அவர் உண்மையா இருந்திருக்கலாம்” என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். தலைமையாசிரியையும், மாதம் ஒரு முறை அவர் பிள்ளைகளைக் குன்றுக்குக் கூட்டிப் போன வழக்கத்தை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். “அவரே தவறிட்டாரே சார், வேற யாரை நம்பி அனுப்பறது?” என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் அவர் தவறியவராக ஆகிக்கொண்டிருக்கிறார். இதோடு, பதினான்கு வருடச் சீட்டையும் கூட்டத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும், கொண்டு வந்து கொடுங்கள் என்று அத்தை கேட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வரிசை எண் போட்டவன் நான்தானே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்று படித்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. எப்போதும்போல் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். கண்ணாடிக் கூட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, “குழாய்க்காரரை அன்னைக்கு வரச் சொன்னது நான்தான்” என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு வார்த்தை “அதனால என்ன” என்று சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள். இப்போது கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை, மாலை

போய் வந்துவிட்டேன். இரண்டு பையில் சீட்டுக் கட்டுகள், அட்டை, அந்தச் சீட்டு. அத்தை தரையில் செய்தித்தாளை விரித்து, அவருடைய கால்சட்டைப் பைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கூழாங்கல், ஏதோ விதைகள், ஒரு இறகு, பேருந்துச் சீட்டு என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்தாள். “பாருங்கண்ணா, இத்தனை வருஷமா நான் துவைச்சது துணியை இல்லை, ஒரு குன்றையே துவைச்சிருக்கேன்” என்றாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது வரிசையாக நினைவில்லை, கேட், குழாய், அட்டை, நிச்சயம் என்று சொன்னது, எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. அவள் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அட்டையையும் பார்த்தாள். “அவர் உங்ககிட்ட இதைச் சொன்னப்போ நான் எங்க இருந்தேன்?” என்று கேட்டாள். தெரியவில்லை, உங்கள் வீட்டில் இருந்திருப்பீர்கள், அவர் எங்கள் கேட்டில் நின்று சொன்னார் என்றேன். “அப்போ அவர் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு” என்றாள். ஆமாம் என்றேன். “மாத்தல” என்றாள். மாற்றவில்லை, எழுதின வழியில்தான் போயிருக்கிறார் என்றேன். நான் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. பிறகு எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். அங்கே அவர் படம் ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதை எடுத்துத் துடைத்து, அறையைப் பார்க்கும்படி நேராக வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள், அவர் போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் முறை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு இதை நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. நான் அவரைச் சொன்னதெல்லாம் ஊர் பூரா கேட்டிருக்கு. உங்களை நான் இப்போ ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு தோணிச்சுன்னா பின்னாடி சொல்றேன்” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. கடைசிச் சீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் என்னிடம் திருப்பி நீட்டி, “இது உங்களோடது” என்றாள்.

நாளை பத்து மணிக்குக் கூட்டம். என்ன பேச வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு எழுத்தையும் சுருக்கவில்லை. முதலில் குச்சியும் நிழலும், பிறகு உன் கம்பளிப்பூச்சி, ஆரஞ்சுப் பழம், அதற்குப் பிறகு அட்டை. ஒலிபெருக்கி முன்னால் பாதியில் நின்றாலும் நிற்பேன். அம்மா முதல் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் நிறுத்தினால் எழுந்து வந்து மிச்சத்தைப் படிப்பாளாம், முழங்கால் வலியோடு மேடை ஏற வைக்காதீர்கள் என்று எச்சரிக்கை வேறு. அன்று சரியான பக்கம் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. என்மேல் உனக்குக் கோபம் வந்தால் எழுது, மறைக்க வேண்டாம், அவர் எனக்கு மட்டும் நண்பர் இல்லை, உனக்கு ஆசிரியர்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் சனிக்கிழமைகளில் அங்கே காட்டுப் பாதைக்குப் போகும்போது, சார் சொல்லிக் கொடுத்தபடி எனக்குத் தகவல் அனுப்புகிறாய், எனக்காக இரண்டு மூன்று எழுத்தில் சுருக்கி அனுப்புகிறாய். இனி முழு வார்த்தையாக அனுப்பு. வழியில் ஏதாவது மாற்றம் என்றால் சொல்லிவிட்டு விட்டுவிடாதே, நான் ‘சரி’ என்று சொன்னால் நம்பாதே, என்ன புரிந்துகொண்டேன் என்று என்னையே திருப்பிச் சொல்ல வை. குழந்தைக்குத் தொப்பி போட்டுக் கூட்டிப் போ. அதன் கையில் ஏதாவது பூச்சி ஊர்ந்தால் தட்டிவிடாதே. நீங்கள் மூவரும் போன இடமெல்லாம் பத்திரமாகப் போய் வர வேண்டும், நீண்ட நாள் நடமாட்டத்தோடு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். கீழே எப்போதும் ‘இ. அ.’ என்று போடுவேன். இன்று அதையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா